கிரீஸ் தொல்லியல் சுற்றுலா: வழிகாட்டிக்காகவே போகலாம்

ஏதென்ஸிலிருந்து கிளம்பி மைசீனி, எபிடாரஸ், ஒலிம்பியா, டெல்ஃபி என்று பஸ்ஸில் கூட்டிப்போகும் குழுச் சுற்றுலா இது. வழிகாட்டியாக வந்த அம்மா தொல்லியல் படித்தவர், இந்தப் பயணத்துக்கு உயிரே அவர்தான். மைசீனி என்ற பழங்காலக் கோட்டை நகரின் சிங்க வாசலில் எல்லோரும் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, சிங்கங்கள் செதுக்கிய அந்த முக்கோணக் கல் வெறும் அலங்காரமில்லை, மேல் சுவரின் பாரம் உத்தரக்கல்லை நசுக்காமல் இரண்டு பக்கமும் இறங்கட்டும் என்று விட்ட இடைவெளியைத்தான் இதை வைத்து மூடியிருக்கிறார்கள் என்று கையைக் காட்டி விளக்கினார். கி.மு. 1250 வாக்கில் இப்படி யோசித்திருக்கிறார்கள்! எபிடாரஸின் பழங்காலத் திறந்தவெளி நாடக அரங்கில் எங்களை மேல் வரிசைகளில் உட்காரவைத்துவிட்டுக் கீழே வட்டத்தின் நடுவில் நின்று பேசினார், மைக் இல்லாமலே தெளிவாகக் கேட்டது.

ஒலிம்பியாவும் நன்றாகவே போனது. குறை டெல்ஃபியில்தான். அங்கே அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கிய நேரம் போதவே போதாது. வெண்கலத் தேரோட்டி சிலையின் செம்பு இமைமயிர், பதித்த கண்கள், பாதத்து நரம்பு, இதெல்லாம் நின்று பார்க்க வேண்டியவை, அதற்குள் பஸ்ஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வழியில் நினைவுப்பொருள் கடையில் நிறுத்திய நேரத்தை இங்கே கொடுத்திருக்க வேண்டும்.

அப்புறம், ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள், இந்த இடங்களில் நிழல் குறைவு. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் பளிங்கு வழுக்கும், நல்ல பிடிப்புள்ள ஷூ கட்டாயம்.