எட்டு கதிர், ஒரு மணி: தொழிற்புரட்சிப் பெட்டியை வகுப்பில் பிரித்தபோது

நான் வரலாறு எடுக்கிறவள். தொழிற்புரட்சி என்றாலே ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், வாட் என்று பெயர்கள் வரிசையாக வரும். பிள்ளைகள் வருடத்தோடு மனப்பாடம் செய்வார்கள், தேர்வு முடிந்ததும் எல்லாம் காற்றில் போய்விடும். அதனால்தான் இந்தச் செயல்திட்டப் பெட்டியை வாங்கச் சொன்னேன். ஒரு வகுப்புக்கு ஒரு பெட்டி, நான்கு செயல்திட்டங்கள். மூன்று வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் அட்டையில் செய்யும் ஜென்னி, அதாவது ஒரே ஆள் பல நூல்களைச் சேர்த்து நூற்க உதவிய கை இயந்திரம். சக்கரத்தைச் சுற்றினால் எட்டு கதிரும் (நூலை முறுக்கிச் சுற்றும் குச்சிகள்) சேர்ந்து சுழல வேண்டும். ஹார்கிரீவ்ஸின் முதல் இயந்திரத்திலும் எட்டு கதிர்தான், அது சரி. ஆனால் அச்சுக்குக் கொடுத்திருக்கும் குச்சி மகா மெலிசு. ஆறு குழுக்களில் இரண்டில்தான் எட்டும் சுழன்றன. மற்றவற்றில் பாதியிலேயே நூல் வழுக்கிக் கழன்றது. கையேடு இருபது நிமிடம் என்கிறது, எனக்கு இரண்டு பீரியட் போனது. அதைவிடப் பெரிய குறை, நூற்பது என்றால் என்னவென்றே அது காட்டவில்லை. நானே கொஞ்சம் பஞ்சு கொண்டுபோய், இரண்டு விரலால் இழுத்து முறுக்கச் சொன்னேன். ஒரு சாண் நூலுக்கே திணறினார்கள். 1733இல் ஜான் கே கண்டுபிடித்த பறக்கும் நாடாவால் (தறியில் குறுக்கு நூலை வேகமாகக் கொண்டுபோகும் கருவி) நெசவு வேகம் பிடித்து, நூலுக்குத் தட்டுப்பாடு வந்த கதையை அப்போது சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, உறை ஆலை. பெட்டிக்குக் கொடுத்த காசு இதற்கே சரியாகிவிட்டது. முதல் சுற்றில் ஒவ்வொருவரும் காகித உறையைத் தானே முழுதாகச் செய்ய வேண்டும். இரண்டாம் சுற்றில் ஒருவர் மடிக்க, ஒருவர் வெட்ட, ஒருவர் பசை தடவ, ஒருவர் ஒட்ட, ஒருவர் முத்திரை குத்த வேண்டும். எங்கள் வகுப்பில் 61 உறை 140 ஆனது. பத்துப் பேர் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு நாளுக்கு 48,000 குண்டூசி செய்ததாகப் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய கணக்கு ஒரு அட்டையில் இருக்கிறது. அதை முன்கூட்டியே காட்டாதீர்கள், எண்ணி முடித்த பிறகு காட்டுங்கள்.

இதோடு ஒரு பித்தளை மணி, ஒரு அட்டைக் கடிகாரம், அபராதச் சீட்டுக் கட்டு. மேஸ்திரி நான். வகுப்புக் கடிகாரத்தை மூடிவிட்டு, அட்டைக் கடிகாரத்தை யாரும் பார்க்காதபோது பின்னால் தள்ளிவைக்க வேண்டும் என்கிறது கையேடு. அந்தக்கால ஆலைகளில் கடிகாரத்தில் கை வைத்தார்கள் என்று தொழிலாளர்களே சாட்சி சொல்லியிருக்கிறார்கள். ஐந்து நிமிடம் தள்ளினேன். ஒருத்தி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். "மணி அடிச்சிருக்கணுமே மிஸ்?" அவளுக்கு ஒரு சீட்டு கிழித்தேன். வகுப்பே கொதித்துப் போனது. அப்புறம் கூலிச் சீட்டு கொடுக்கும்போது பசை தடவிய பையன் கேட்டான், "முழுக்க பசை மட்டும்தான் தடவினேன். இதுல எந்த உறையை என்னோடதுன்னு சொல்றது மிஸ்?" இந்தக் கேள்வி கையேட்டில் இல்லை.

குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1832 பிரிட்டிஷ் நாடாளுமன்ற விசாரணையை நடிப்பது மூன்றாவது. பாத்திர அட்டைகள் கொஞ்சம் மட்டம். முதலாளி வாயைத் திறந்ததுமே வில்லன், தீர்ப்பு எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். பெற்றோருக்கான அட்டையில் வீட்டுச் செலவுக் கணக்கை நானே எழுதிச் சேர்த்தேன். பிள்ளையின் கூலி நின்றால் அடுப்பு எரியாது என்று அம்மாவாக நடித்தவள் சொன்னபோதுதான் வாதம் சூடு பிடித்தது. 1833 சட்டத்தை விளக்கும் தாள் நன்றாக இருக்கிறது: பெரும்பாலான நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழே வேலை கூடாது, அதற்கு மேல் 13 வயது வரை நாளுக்கு ஒன்பது மணி நேரம்தான். மேற்பார்வைக்கு நாடு முழுவதற்கும் நாலே ஆய்வாளர்கள் என்றதும் பின்வரிசையில் சிரிப்பு.

நான்காவது, கண்ணாடித் தாள்களை அடுக்கிக் கிராமத்தை நகரமாக்கும் வரைபடம். ஒழுங்காக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

தகவல் அட்டைகளைக் கொடுக்குமுன் ஒருமுறை படித்துவிடுங்கள். நீராவி இயந்திரத்தை வாட் கண்டுபிடித்ததாக ஒன்று சொல்கிறது. சுரங்கத் தண்ணீரை இறைக்க 1712இலேயே நியூகமனின் இயந்திரம் ஓடியது. வாட் செய்தது, நீராவியைத் தனி அறையில் குளிரவைத்து நிலக்கரிச் செலவை வெகுவாகக் குறைத்தது. இன்னொன்றில், பஞ்சு ஏதோ வானத்திலிருந்து இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் விழுந்த மாதிரி இருக்கிறது. அமெரிக்கத் தோட்டங்களில் அதைப் பறித்த அடிமைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்தியப் பருத்தித் துணிக்குப் போட்டியாக நிற்க முடியாமல் 1700லும் 1721லும் பிரிட்டன் போட்ட தடைச் சட்டங்களும் இல்லை. இரண்டு அட்டை நானே எழுதிச் செருகிவிட்டேன்.

கூலிச் சீட்டும் அபராதச் சீட்டும் ஒரு வகுப்போடு தீர்ந்துவிட்டன. தனியாக விற்பதில்லையாம். அடுத்த பிரிவுக்கு அந்தப் பசைக்காரப் பையனும் அவன் கூட்டாளிகளும் பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் வெட்டித் தந்திருக்கிறார்கள், ஆள் ஒன்றுக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டு.