காசோலையா, வங்கி மாற்றா, உறைக்குள் நோட்டா: ரீயூனியனிலிருந்து பணம் அனுப்புவது பற்றி

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் சேன்-ஆந்த்ரே ஊரில் குடியிருக்கும் நான், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் உள்ள ஒரு பூசைப் பொருள் கடைக்குப் பணம் அனுப்புகிறேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். காசோலை என்றால் உடனே சரி என்பார். வங்கிக் கணக்கு விவரம் கேட்டால் மகனோடு பேசச் சொல்வார். 2023இல் சாதாரண உறையில் வைத்து நான் அனுப்பிய 140 யூரோ காசோலை அவர் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. மூன்று வாரம் கழித்து, "இன்னும் வந்து சேரேல்லைத் தங்கச்சி" என்று அவர் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் இந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கத் தொடங்கினேன். இன்று நான் ரெகொமாந்தே எனப்படும் பதிவு அஞ்சலில் செல்லும் காசோலையின் பக்கம் நிற்கிறேன்.

உறைக்குள் நோட்டு வைத்து அனுப்புவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பிரெஞ்சு அஞ்சல் விதிகள் பதிவு அஞ்சலில்கூட நோட்டும் நாணயமும் வைப்பதைத் தடை செய்கின்றன. ஆகையால் உறை தொலைந்தால் உள்ளே பணம் இருந்தது என்று வாய் திறந்து முறையிடவும் வழியில்லை. பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு 20 யூரோ வைத்து அனுப்பும் பழக்கம் இங்கே பல வீடுகளில் இருக்கிறது. அன்பாகச் செய்கிறார்கள், ஆனால் அதைத் தொலைந்தாலும் பரவாயில்லை என்று கருதும் தொகையாகவே கொள்ள வேண்டும்.

கணக்கிலிருந்து கணக்குக்கு நேராகப் போகும் வங்கி மாற்றுக்கு உரிய மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும். ரீயூனியன் யூரோ வட்டாரத்துக்குள் இருப்பதால், இங்கிருந்து பாரிஸுக்குப் பணம் அனுப்புவது பாரிஸுக்குள்ளேயே அனுப்புவது போன்றதுதான். 2025 ஜனவரி முதல், உடனடி மாற்றுக்குச் சாதாரண மாற்றைவிடக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. அதே ஆண்டு அக்டோபர் முதல், பெறுபவரின் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று வங்கி முன்கூட்டியே சரிபார்த்துச் சொல்ல வேண்டும். உறை இல்லாத இடத்தில் உறை தொலையும் பேச்சே இல்லை. ஆயினும் சில நொடிகளில் போய்விடும் பணத்தைத் திருப்பி அழைப்பது அரிது. யாரோ ஒருவர் மின்னஞ்சலில் மாற்றி அனுப்பிய கணக்கு எண்ணை நம்பி அனுப்பிவிட்டால், தவறு தெரியவரும் நேரத்தில் பணம் வேறு கைக்குப் போயிருக்கும். நான் உடனடி மாற்றைச் சிறு தொகைகளுக்கு நான்கைந்து முறைதான் பயன்படுத்தியிருக்கிறேன். தொல்லை எதுவும் வரவில்லை. வாடகை, மின்கட்டணம் போன்றவற்றுக்கு அதுவே பொருத்தம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் முடிவைத் தீர்மானித்தது வேகமோ கட்டணமோ அன்று. வழியில் தொலைந்துவிட்டால் அதன் பிறகு என் கையில் என்ன மிஞ்சும் என்ற ஒரே கேள்விதான். காசோலை என்பது பணம் அன்று, பணம் கொடுக்கச் சொல்லும் ஆணை. அந்த ஆணையை நிறுத்தலாம். காசோலை தொலைந்தாலும் திருடப்பட்டாலும் வங்கியில் ஒப்போசிசியோன், அதாவது அந்தக் காசோலைக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்ற தடை, கொடுத்து, அதை உடனே எழுத்து மூலம் உறுதிப்படுத்தினால், தொகை கணக்கிலேயே நின்றுவிடும். 2023இல் நான் அதைத்தான் செய்தேன். என் வங்கி 15 யூரோ எடுத்துக்கொண்டது, 140 யூரோ தப்பியது. ஆனால் தொலைந்தது, திருட்டுப்போனது, மோசடியாகப் பயன்படுத்தப்பட்டது போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. பொருள் பிடிக்கவில்லை, கடைக்காரரோடு தகராறு என்பதற்காகக் காசோலையை நிறுத்துவது சட்டப்படி செல்லாது.

இங்குதான் சாதாரண அஞ்சலும் பதிவு அஞ்சலும் பிரிகின்றன. சாதாரண உறை தொலைந்ததா, தாமதமானதா என்பதை அறிய வழியே கிடையாது. 2025 பிப்ரவரி 28இல் காரான்ஸ் புயல் ரீயூனியனைத் தாக்கியபோது, சித்திரைப் புத்தாண்டுக்காக நான் பதிவு அஞ்சலில் அனுப்பிய காசோலை மூன்று நாளுக்கு முன்புதான் அஞ்சலில் சேர்ந்திருந்தது. விமான நிலையம் மூடப்பட்டது. வலைத்தளத்தில் என் உறையின் நிலை ஒரே வரியில் நாள்கணக்கில் அசையாமல் நின்றது. பதறிப்போய் ஒப்போசிசியோன் கொடுத்திருந்தால், பின்னால் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த காசோலை அந்தப் பெரியவரின் வங்கியிலிருந்து திரும்பியிருக்கும். பதிவு எண் இருந்ததால், உறை தீவை விட்டுப் புறப்படவே இல்லை என்பதை அறிந்து காத்திருந்தேன். மார்ச் நடுவில் அவருடைய கையெழுத்தோடு ஏற்பு அட்டை என் தபால் பெட்டிக்கு வந்தது.

பதிவு அஞ்சலில் மூன்று படிகள் உண்டு. தொலைந்தால் முதல் படிக்கு 16, இரண்டாம் படிக்கு 153, மூன்றாம் படிக்கு 458 யூரோ வரை இழப்பீடு. பலரும் காசோலையின் தொகையைப் பார்த்து மேல்படியை வாங்குகிறார்கள். எனக்கு அது வீண்செலவாகவே தோன்றுகிறது. காசோலையை நிறுத்திவிட்டால் நான் இழப்பது வங்கிக் கட்டணம் மட்டுமே, அதற்கு முதல் படியின் 16 யூரோ போதும். ஏற்பு அட்டையோடு சேர்த்து ஏழெட்டு யூரோ ஆகும் இந்தச் செலவு, 30 யூரோ வாங்குதலுக்கு மிகைதான். அத்தகைய சிறு தொகையை நானே வங்கி மாற்றாக அனுப்பிவிடுகிறேன்.

உறையை ஒட்டுவதற்கு முன் சில வேலைகள் உண்டு. கறுப்பு மைப் பந்துமுனைப் பேனாவால் எழுதி, பெயருக்கும் தொகைக்கும் பின்னால் மிஞ்சும் வெற்றிடத்தைக் கோடிட்டு நிரப்புகிறேன். ஏழு இலக்கக் காசோலை எண்ணைக் குறித்துக்கொண்டு, காசோலையைப் படம் எடுத்துவிடுகிறேன். பிறகு வெளிச்சத்தில் உருவம் தெரியாதபடி தடித்த தாளில் மடித்து வைக்கிறேன். அனுப்பியதும் கடைக்காரரை அழைத்துச் சொல்லிவிடுவது முக்கியம். ஆள் இல்லாத நேரத்தில் வந்த பதிவு அஞ்சல் அலுவலகத்தில் 15 நாள் காத்திருந்து, யாரும் வாங்காவிட்டால் கடல் தாண்டி என்னிடமே திரும்பிவிடும்.

உண்மையிலேயே தொலைந்துவிட்டால் முதலில் ஒப்போசிசியோன், அதன் பின்பே இரண்டாவது காசோலை. வரிசை மாறினால் இரண்டும் பணமாகிவிடக்கூடும். அஞ்சல் நிறுவனத்திடம் முறையீடு செய்ய, உறையைச் சேர்த்த மறுநாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. சேர்த்ததற்கான ரசீது இல்லாமல் அந்த முறையீடு நிற்காது. காசோலையே ஓராண்டும் எட்டு நாளும் செல்லும் என்பதால், அந்த ரசீதை நான் அதுவரைக்கும் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையோடு சேர்த்துக் குத்தி வைக்கிறேன்.