வாக்கிய வகைப் பயிற்சிநூல்: பெயர் சொல்லத் தெரியும், வாக்கியம் கட்டத் தெரியாது

ஆண்டு 9 முதல் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) வரையான பிள்ளைகளுக்கென்று யாழ்ப்பாணத்துப் புத்தகக்கடைகளில் தமிழ் விளக்கத்தோடு விற்கிற ஆங்கில இலக்கணப் பயிற்சிநூல்களில் இதுவும் ஒன்று. பெயரை விட்டுவிடுகிறோம். அட்டையும் நிறமும் மாறினாலும் இதே வார்ப்பில் வருகிற நூல்கள் வேறும் உண்டு; இங்கே சொல்கிற குறைகளில் பாதிக்குமேல் அவற்றுக்கும் பொருந்தும்.

உள்ளே 8 அத்தியாயங்கள். முதல் நான்கும் பொருளை வைத்துப் பிரிக்கிற வகைகள்: கூற்று, வினா, ஏவல், வியப்பு. அடுத்த மூன்றும் அமைப்பை வைத்துப் பிரிப்பவை: தனி, கூட்டு, கலப்பு. கடைசியில் எல்லாம் கலந்த பயிற்சியும் விடைகளும். இந்த இரண்டு பிரிப்பும் ஒன்றையொன்று வெட்டிப் போகும் என்பதை நூல் எங்கும் சொல்லவில்லை. ஒரே வாக்கியம் வினாவாகவும் கலப்பு வாக்கியமாகவும் இருக்கலாம். 'வில் யூ கோல் மீ வென் யூ றீச் ஹோம்?' அப்படியான ஒன்று. இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால், 5 ஆம் அத்தியாயத்துக்கு வந்ததும் "அப்ப முதல் படிச்ச வகை பிழையா?" என்று பிள்ளை கேட்கும்.

பெரிய குறை பயிற்சிகளின் தன்மையில் இருக்கிறது. முக்கால்வாசிக் கேள்விகள் 'இது எவ்வகை வாக்கியம்?' என்பதுதான். முடிவில் வினாக்குறி நின்றால் வினா, வியப்புக்குறி நின்றால் வியப்பு. வாக்கியத்தை வாசிக்காமலே பத்துக்குப் பத்து எடுக்கலாம். அதே பிள்ளை அடுத்த நாள் கொப்பியில் 'வை யூ டிட்ன்ற் கம்?' என்று எழுதும். வகையின் பெயர் தெரியும், வகையைக் கட்டத் தெரியாது.

இதற்கு விலக்கு 2 ஆம் அத்தியாயம். கூற்றை வினாவாக மாற்றச் சொல்கிற மூன்று பக்கப் பயிற்சி அதில் இருக்கிறது. அந்த மூன்று பக்கத்துக்காகவே நூலை வாங்கலாம். ஆனால் விளக்கம் நறுக்கென்று இல்லாததால் இந்த ஒழுங்கில் செய்விக்கவேண்டும். முதலில் துணைவினை இருக்கிறதா என்று பார்க்க: இஸ், ஆர், வொஸ், கான், வில், ஹாவ் போன்றவை. இருந்தால் அதை எழுவாய்க்கு முன் தூக்கிவைத்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் டூ, டஸ், டிட் மூன்றில் ஒன்றைக் கொண்டுவந்து எழுவாய்க்கு முன் வைத்து, வினைச்சொல்லை அதன் வெறும் வடிவத்துக்கு ('வென்ற்' என்பதை 'கோ' என்று) திருப்பவேண்டும். பிள்ளைகள் வழுக்குவது இந்தக் கடைசிப் படியில். 'டிட் ஹி வென்ற்?' என்று எழுதுவதற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. 'போனான்' என்பதோடு ஓர் 'ஆ' ஒட்டினால் 'போனானா' வந்துவிடும். காலம் வினையிலேயே நிற்கும். ஆங்கிலத்தில் காலம் வினையைவிட்டு இறங்கி 'டிட்' மேல் ஏறிக்கொள்கிறது. இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் பயிற்சியைக் கொடுத்தால் பிழை கண்முன்னே குறையும்.

அத்தியாயம் விட்டுவிட்ட இரண்டு இடங்களைக் கையால் எழுதிச் சேர்க்கவேண்டும். ஒன்று, வினாச்சொல்லே எழுவாயாக வருவது: 'ஹூ புறோக் த கிளாஸ்?' இதில் டிட் வராது. மாற்றும் விதியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை 'ஹூ டிட் பிறேக்' என்றுதான் எழுதும். மற்றது, கூற்றுக்குள் புதைந்த வினா. 'ஐ டோன்ற் நோ வெயர் இஸ் ஹி' பிழை. 'வெயர் ஹி இஸ்' சரி, முடிவில் முற்றுப்புள்ளி. வினாவை ஒழுங்காகப் படித்த பிள்ளையே இங்கே அதிகம் பிழைவிடும். படித்த விதியைப் படிக்காத இடத்தில் பாவிப்பதால் வருகிற பிழை அது.

வாக்கிய வாலில் தொங்கும் குட்டி வினாக்களுக்கு ஒரு பெட்டியும் 6 கேள்வியும் மட்டும்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இது போதவே போதாது. எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'தானே' போதும்: நீ வாறாய்தானே, அவர் போயிட்டார்தானே, நாளைக்கு லீவுதானே. அந்தப் பழக்கத்தில் எல்லா வாக்கியத்துக்கும் 'இஸ்ன்ற் இற்' ஒட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் வால் முன்வாக்கியத்தின் துணைவினையையும் எழுவாயையும் பார்த்து மாறும். முன்வாக்கியம் உடன்பாடு என்றால் வால் எதிர்மறை, எதிர்மறை என்றால் உடன்பாடு. 'யூ ஆர் கமிங், ஆன்ற் யூ?' 'ஹி வென்ற், டிட்ன்ற் ஹி?' 'லெற்ஸ்' என்று தொடங்கினால் வால் 'ஷல் வி'. இதற்கு மட்டும் தனியாக 30 வாக்கியம் எழுதிக்கொடுங்கள்.

ஏவல் அத்தியாயத்தில் விடைப்பக்கமே தடுமாறுகிறது. 'குட் யூ ஓபன் த டோர்?' என்பதை ஓரிடத்தில் வினா என்றும் இன்னோரிடத்தில் ஏவல் என்றும் போட்டிருக்கிறார்கள். நன்னூல் படித்தவர்களுக்கு இதில் மயக்கம் இருக்காது. அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என்று வினாவை ஆறாகப் பிரித்து, கேள்வி உருவத்தில் வேலை ஏவுவதை ஏவல் வினா என்று நம்மவர்கள் எப்போதோ பெயரிட்டுவிட்டார்கள். அமைப்பால் வினா, நோக்கத்தால் ஏவல். பரீட்சையில் வகை கேட்டால் வினா என்று எழுதுவதே பாதுகாப்பு. ஏவல் வாக்கியம் என்றால் எழுவாய் மறைந்து, வினை வெறும் வடிவத்தில் முன்னுக்கு நிற்கவேண்டும்.

வியப்புக்கு இரண்டே விடயம். 'வட்' வந்தால் பின்னால் பெயர்ச்சொல், 'ஹவ்' வந்தால் பின்னால் பெயரடையோ வினையடையோ. இரண்டிலும் எழுவாய்க்குப் பிறகுதான் வினை. 'ஹவ் பியூட்டிஃபுல் இற் இஸ்!' வியப்பு, 'இஸ் இற்' என்று திருப்பினால் கேள்வியாகிவிடும். நூலில் 'வட் எ நைஸ் வெதர்' என்று ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. வெதர் எண்ணமுடியாத பெயர், அதற்கு 'எ' வராது. பென்சிலால் வெட்டிவிடுங்கள்.

6 ஆம் அத்தியாயம்தான் உண்மையில் ஆபத்தானது. 'ராணி வென்ற் ரு த மார்க்கற் அன்ட் போட் ஃபிஷ்' என்பதைக் கூட்டு வாக்கியம் என்கிறது. அல்ல, அது தனி வாக்கியம். எழுவாய் ஒன்று, பயனிலை இரண்டு, அவ்வளவுதான். 'அன்ட்' கண்ட இடமெல்லாம் கூட்டு என்று முடிவெடுத்திருக்கிறார்கள். பிழை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது: தமிழ் இலக்கணப் பாடங்களில் ஓர் எழுவாய் பல பயனிலைகளைக் கொண்டு முடிந்தால் தொடர் வாக்கியம் என்று படிப்பிக்கிற வழக்கம் உண்டு. அந்த வரைவிலக்கணத்தை அப்படியே தூக்கி ஆங்கிலத்தின் தலையில் வைத்தால் கணக்குப் பிழைக்கும். ஆங்கிலத்தில் 'அன்ட்'டுக்குப் பிறகும் ஒரு புது எழுவாய் நிற்கவேண்டும்: 'ராணி போட் ஃபிஷ், அன்ட் ஹேர் மதர் குக்ட் இற்.' சோதிக்கிற வழி சுலபம். காலம் காட்டும் வினைகளுக்குக் கீழ்க்கோடு, ஒவ்வொன்றினதும் எழுவாய்க்கு வட்டம், இணைப்புச் சொல்லுக்குப் பெட்டி. வட்டம் ஒன்றென்றால் தனி. இரண்டு வட்டத்தையும் பிரித்துவிட்டால் இரு பக்கமும் தன்காலில் நிற்குமானால் கூட்டு. ஒரு பக்கம் நொண்டினால் கலப்பு.

கூட்டு வாக்கியத்துக்கான இணைப்புச் சொற்கள் ஏழே ஏழு: ஃபோர், அன்ட், நோர், பற், ஓர், யெற், ஸோ. வெறும் காற்புள்ளியால் இரண்டு முழு வாக்கியத்தை ஒட்டமுடியாது. 'இற் வொஸ் றெயினிங், வி ஸ்ரேய்ட் அற் ஹோம்' என்று எழுதுவது தமிழில் உறுத்தாத பழக்கம், ஆங்கிலத்தில் பிழை. நடுவில் 'ஸோ' போடவேண்டும், அல்லது முற்றுப்புள்ளி. நூல் இதைப்பற்றி மூச்சு விடவில்லை.

கலப்பு வாக்கியத்தில் விளக்கம் பரவாயில்லை. தமிழ்ப் பிள்ளை எங்கே விழும் என்ற கணிப்புத்தான் இல்லை. நாலு இடத்தில் விழும். 'அவன் வரும்போது சொல்லுகிறேன்' என்பதில் 'வரும்' எதிர்காலம் மாதிரித் தெரிவதால் 'வென் ஹி வில் கம்' என்று எழுதும். 'வென் ஹி கம்ஸ்' என்பதே சரி. 'மழை பெய்தாலும்' என்று தொடங்கி, மனம் கேளாமல் நடுவில் ஒரு 'ஆனால்' சேர்த்து, 'ஓல்தோ', 'பற்' இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போடும், ஒன்று போதும். 'நான் வாங்கின புத்தகம்' என்பதை 'த புக் தற் ஐ போட் இற்' என்று எழுதும். அந்த 'இற்' மிகை. நாலாவது, கிரகித்தல் பகுதியில் ஏன் என்று கேட்டால் 'பிகோஸ் இற் வொஸ் றெயினிங்.' என்று முற்றுப்புள்ளி வைத்துவிடும். அது அரை வாக்கியம். தலைமை வாக்கியத்தையும் சேர்த்து எழுதப் பழக்கவேண்டும். விடைப்பக்கத்திலேயே அப்படி அரை வாக்கியங்கள் இரண்டு முழு விடையாக நிற்கின்றன.

காற்புள்ளி விதி மட்டும் சரியாகவும் சுருக்கமாகவும் இருக்கிறது: சார்ந்த பகுதி முன்னுக்கு வந்தால் காற்புள்ளி, பின்னுக்கு வந்தால் பெரும்பாலும் வேண்டாம்.

எடுத்துக்காட்டுகளில் பனிமழையும் லண்டன் சுரங்க ரயிலுமாய்க் கிடக்கிறது. வினைச்சொல் எதுவென்று தேடுவதற்கு முன் பொருள் எதுவென்று தேடவேண்டி வருகிறது. மாற்று வாக்கியங்கள் எழுதுவது கடினமல்ல. 'த நல்லூர் ஃபெஸ்ரிவல் லாஸ்ற்ஸ் ருவென்ரி ஃபைவ் டேய்ஸ்' என்பதை வினாவாக்கச் சொன்னால் டஸ் வந்து லாஸ்ற்ஸின் கடைசி ஸ் கழன்று விழுவதைப் பிள்ளை தானே காணும். 'த போட் ரு டெல்ஃப்ற் (நெடுந்தீவு) லீவ்ஸ் ஃப்ரொம் குறிகட்டுவான்' என்பதையும் அப்படியே செய்விக்கலாம். பிறகு 'வென்', 'வெயர்' சேர்த்து நீட்டலாம்.

ஆண்டு 8க்குக் கீழே வாங்கவேண்டாம். பேச்சாங்கிலம் தேடுகிற பெரியவர்களுக்கும் இது உதவாது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இலவசப் பாடநூல் வீட்டில் இருக்கும். வாசிப்புப் பந்திகளுக்கு அதையே எடுத்து, அதிலுள்ள வாக்கியங்களுக்குக் கோடும் வட்டமும் பெட்டியும் போடப் பழக்கிவிட்டு, மாற்றிக் கட்டும் பயிற்சிக்கு மட்டும் இந்த நூலைத் திறப்பதுதான் காசுக்குப் பிரயோசனமான வழி. ஒழுங்கும் 5, 2, 6, 7 என்று இருக்கட்டும்: எழுவாயையும் வினையையும் கண்டுபிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு வினா வாக்கியம் படிப்பிப்பது வீண். நாளுக்கு 25 நிமிடம், 10 வாக்கியம். அதற்குமேல் கொடுத்தால் விடையைப் பார்த்து எழுதும்.

தாள் மெல்லியது, மை மறுபக்கம் ஊறுகிறது, பென்சில்தான் சரி. வாக்கியம் எழுத விட்டிருக்கிற கோடு ஒரு சொல்லுக்குத்தான் காணும் என்பதால் தனிக் கொப்பி வேண்டும். விடைப்பக்கங்கள் நடுத்தாளில் இல்லாமல் கடைசியில் வருவதால் கம்பியைத் தொடாமலே வெட்டி எடுக்கலாம். வாங்கின அன்றே எடுத்துவிடுங்கள், ஆனால் திருத்துகிறவர் 3, 6, 7 ஆம் அத்தியாய விடைகளை நம்பித் திருத்தக்கூடாது.