ஓடிய கேமராவா, கிடந்த கேமராவா? மும்பையில் பழைய கேமரா வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

மும்பையில் பழைய டிஜிட்டல் கேமரா வாங்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. 'ரீஃபர்பிஷ்டு' (சரிபார்த்துச் சீராக்கியது) என்று முத்திரை குத்தி, சில மாத வாரண்டியும் போட்டு ஆன்லைனில் விற்பவர்கள் ஒரு பக்கம். சிஎஸ்எம்டி ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஃபோர்ட் பகுதியில், போரா பஜார் தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் இருக்கும் கேமரா கடைகள் இன்னொரு பக்கம். மூன்றாவது, நேராக ஆளிடமே வாங்குவது. அந்த ஆள் தாராவியிலோ சயன் கோலிவாடாவிலோ கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரராக இருக்கலாம். ஆசைக்கு வாங்கி அலமாரியில் வைத்துவிட்ட செம்பூர்க் குடும்பஸ்தராகவும் இருக்கலாம்.

மூன்றில் எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். நான் பார்ப்பது வேறு: கேமரா எங்கே, எந்த விதத்தில் தேய்ந்திருக்கிறது, அதை நம் கண்ணால் பார்க்க விடுகிறார்களா?

தேய்மானம் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது ஷட்டர் கவுண்ட், அதாவது கேமராவின் ஷட்டர் இதுவரை எத்தனை முறை கிளிக் ஆகியிருக்கிறது என்ற எண். அதைத் தெரிந்துகொள்வது சுலபம்தான். நிக்கான் என்றால் ஒரு ஜேபெக் படம் எடுத்துக் கணினியில் போட்டால், படத்தோடு பதிவாகும் தகவலிலேயே எண் இருக்கும். சோனியிலும் பெரும்பாலான மாடல்களில் அப்படித்தான். கேனன் டிஎஸ்எல்ஆர்களில் (கிளிக் செய்யும்போது உள்ளே கண்ணாடி தூக்கி இறங்கும் கேமராக்கள்) படத்தில் இருக்காது. கேபிள் போட்டுத் தனி சாஃப்ட்வேரில் பார்க்க வேண்டும். ஆகவே கேனன் விற்பவர் 'வெறும் 8,000 கிளிக்தான் சார்' என்று வாயால் சொன்னால், கேபிளைக் கேளுங்கள்.

ஷட்டர் எத்தனை கிளிக் தாங்கும் என்று கம்பெனிகள் சொல்லும் அளவும் பலருக்குத் தெரியும். நிக்கான் டி3500-க்கு 1 லட்சம், டி7200-க்கு 1.5 லட்சம், டி850-க்கு 2 லட்சம். இது அவர்கள் சோதித்துப் பார்த்த அளவு, காலாவதித் தேதி இல்லை. இதைத் தாண்டி ஓடுகிற பாடிகள் (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்) ஏராளம்; பாதியில் நிற்பவையும் உண்டு. சோனி ஏ7 மார்க் 3-க்கு 2 லட்சம் என்று சொல்லப்பட்டது. அதற்கு வெகு முன்பே ஷட்டர் போய்விடுகிறது என்று 2021-ல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். 2012-ல் வந்த நிக்கான் டி600-இல் கதை வேறு. அதில் படத்தைப் பதியும் சென்சரில் எண்ணெய்ப் புள்ளியும் தூசியும் விழுந்துகொண்டே இருந்தன. 2014-ல் நிக்கான் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரையும் மாற்றித் தந்தது. அந்த மாடலில் குறைந்த கவுண்ட் உள்ள பாடியைவிட, ஷட்டர் மாற்றிய பாடியைத்தான் தேட வேண்டும்.

ஷட்டர் கவுண்ட் என்பது டாக்ஸியின் கிலோமீட்டர் கணக்கு மாதிரி. வண்டி எவ்வளவு ஓடியது என்று சொல்லும். மழையில் நின்றதா, வெள்ளத்தில் மூழ்கியதா என்று சொல்லாது. மணிக்கணக்கில் வீடியோ ஓடினாலும் கவுண்ட் அதற்கேற்ப ஏறுவதில்லை. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில், சத்தமில்லாத சைலன்ட் ஷட்டரில் எடுத்த படங்கள் மெக்கானிக்கல் ஷட்டரைத் தொடுவதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஈரத்தை எண்ணுவதில்லை.

அண்மையில் என் மச்சானுக்காக இரண்டு நிக்கான் டி7200 பாடிகளை, இரண்டும் 18-140 லென்ஸோடு, அடுத்தடுத்துப் பார்க்க வாய்த்தது. முதலாவது செம்பூர் வீட்டுக் கேமரா. 11,000 சொச்சம் கிளிக். பெட்டி, பில், வாரண்டி அட்டை எல்லாம் பத்திரம். தோள்பட்டை வாரைப் பிரிக்கக்கூட இல்லை. பார்த்தவுடன் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. லென்ஸைக் கழற்றி, பின்மூடியை எடுத்து, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்தால், பின்பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் போல வெள்ளையாக, கிளை கிளையாக ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. வியூஃபைண்டருக்குள்ளும் ஒரு பொட்டு. கட்டைவிரல் வைக்கும் இடத்து ரப்பர் ஊதிப்போய், அழுத்தினால் பிசுபிசுத்தது. பேட்டரி வெகுகாலம் காலியாகக் கிடந்ததில் சார்ஜே ஏறவில்லை. நாலு மழைக்காலம் பையோடு அலமாரியில் கிடந்த கேமரா அது.

இரண்டாவது தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு ஸ்டுடியோ பாடி. 92,000 கிளிக். பிளாஷ் மாட்டும் ஹாட்ஷூவில் கறுப்புப் பெயின்ட் முழுக்கப் போய் உலோகம் பளபளத்தது. கைப்பிடி வழவழப்பாகிவிட்டது, பட்டன்களில் பாதி எழுத்து அழிந்திருந்தது, அடித்தட்டு முழுக்கக் கீறல். ஆனால் டார்ச் அடித்தால் லென்ஸ் சுத்தம். லென்ஸ் துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி வெள்ளைத்தாளைப் படமெடுத்துப் பெரிதாக்கினால் சென்சரில் இரண்டு மூன்று தூசிப் புள்ளிகள். புளோயரில் ஊதியதும் போய்விட்டன. 1/8000 வேகத்தில் எடுத்த படத்தில் ஷட்டர் கோளாறைக் காட்டும் கறுப்புப் பட்டை ஏதும் ஓரத்தில் இல்லை. பின் டயல் மட்டும் ஒரு தட்டு திருப்பினால் சில சமயம் இரண்டு தாவியது. ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் ஈரத்தை 45 சதவீதத்தில் நிறுத்திவைக்கும் அலமாரியான டிரை கேபினட் இருந்தது. "தம்பி, இது வாரம் தவறாம வேலைக்குப் போன பெட்டி. கெடக்குற பெட்டிக்குத்தான் சீக்கு வரும்" என்றார். டயலைக் காட்டி விலையைக் கொஞ்சம் இறக்கி, மச்சான் இதைத்தான் எடுத்தார்.

டெல்லியிலோ பெங்களூரிலோ இருந்திருந்தால் செம்பூர்க் கேமராவுக்கு இந்தக் கதி வந்திருக்காது என்றே நினைக்கிறேன். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் இறங்கும் நாள் குறைவு. இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் ஃபங்கஸுக்கு வேறென்ன வேண்டும்? அது கண்ணாடி மேலிருக்கும் கோட்டிங்கை அரிக்கிறது. முற்றிய பிறகு துடைத்தாலும் தடம் நிற்கும். லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யச் செலவழிப்பதற்குப் பதில் கேமராவோடு சேர்த்து விற்கும் வகை 'கிட் லென்ஸ்' இன்னொன்றைப் பழையதாகவே வாங்கிவிடலாம். அதனால் இந்த ஊரில், கவுண்ட் குறைவு என்பதற்காகவே ஒரு கேமராவுக்கு அதிக விலை கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இதைப் படித்துவிட்டுக் கல்யாண பாடி எல்லாமே தங்கம் என்று கிளம்பிவிடாதீர்கள். அதற்கென்று தனி வியாதிகள் உண்டு. கல்யாணத்துக்கு முந்தைய ஆட்டபாட்டமான சங்கீத் நிகழ்ச்சிகளில் டிஜே அடிக்கும் லேசர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சர் கருகும்; வெள்ளைச் சுவரை வீடியோ எடுத்துப் பார்த்தால், நிறமான கோடோ அசையாத புள்ளியோ தெரியும். ப்ரீ-வெட்டிங் ஷூட்டுக்கு அலிபாக் கடற்கரைக்குப் போய்வந்த பாடியில் உப்பு வேலை காட்டியிருக்கும்: ட்ரைபாட் ஓட்டையிலும் திருகுகளிலும் துரு, பேட்டரி முனைகளில் வெள்ளைப் பூப்பு. ஹோலிப் பொடியும் விநாயகர் விசர்ஜனில் தூவும் குலால் பொடியும் டயல் இடுக்கில் நிறமாகவே உட்கார்ந்திருக்கும். வீடியோக்காரர் கையிலிருந்த மிரர்லெஸ்ஸில் கவுண்ட் 15,000 என்று சிரிக்கும். உள்ளே அது எத்தனை நூறு மணி நேரம் சூடேறியது என்று யாருக்குத் தெரியும்? கேபிள் மாட்டும் துளைகள் தளர்ந்திருந்தால் சந்தேகப்படலாம்.

இப்போது மூன்று வழிகளுக்கு வருவோம்.

ஆன்லைன் ரீஃபர்பில் நடப்பது பெரும்பாலும் வெளியைத் துடைப்பது, எல்லா பட்டனும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது, தரம் போடுவது. 'ஏ கிரேடு' என்றால் வெளித்தோற்றம் நன்றாக இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். செம்பூர்க் கேமரா அங்கே போயிருந்தால், டார்ச் அடிக்க யாரும் மெனக்கெடாத பட்சத்தில், ஏ கிரேடில் உட்கார்ந்திருக்கும். அவர்களுடைய உண்மையான பலம் ரிட்டர்ன் வசதி. ஏழு நாளோ பத்து நாளோ கையில் வைத்துச் சோதித்துத் திருப்பி அனுப்பலாம் என்றால், அந்த வசதிக்காக நேரடி விலையைவிடப் பத்து, பதினைந்து சதவீதம் கூடக் கொடுப்பது நியாயம். அதற்கு மேல் கேட்டால், என் கணக்கில் கட்டாது. வாங்கும் முன் அந்தக் குறிப்பிட்ட பாடியின் படம், கவுண்ட், சீரியல் எண் மூன்றையும் கேளுங்கள். மாடலின் விளம்பரப் படத்தை மட்டுமே காட்டுகிறவரிடம் வாங்க வேண்டாம்.

ஃபோர்ட் கடைகளில் நேர்மாறு. கேமரா உடனே கைக்கு வந்துவிடும், டார்ச் அடித்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், விலை பேசலாம். வாரண்டி மட்டும் 'டெஸ்டிங் வாரண்டி' என்ற பெயரில் சில நாளோடு முடியும். அதையும் பில்லில் எழுதி வாங்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது ஒப்பனை. பழைய பாடிக்குப் புது ரப்பர் ஒட்டுவது சாதாரணம். ஓரத்தில் பசை வாசனையே காட்டிக்கொடுக்கும். அடித்தட்டையும் மாற்றுவார்கள். ஹாட்ஷூவையும், லென்ஸ் மாட்டும் வளையமான மவுன்ட்டையும் மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை என்பதால், ரப்பர் புதுசாகவும் மவுன்ட் தேய்ந்தும் இருந்தால் புரிந்துகொள்ளலாம். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். நிக்கானிலும் கேனனிலும் படத்தோடு சீரியல் எண்ணும் பதிவாகும். அது அடித்தட்டு எண்ணோடு பொருந்தாவிட்டால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். மெனுவில் ஜப்பானிய மொழி மட்டுமே உள்ள சோனி என்றால் அது ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கானது; மலிவாகக் கிடைக்கும், மெனுவோடு மாரடிக்கத் தயார் என்றால் வாங்கலாம்.

ஆளிடம் நேராக வாங்குவதில் வாரண்டி கிடையாது, விலை குறைவு. அதைவிட, கேமராவின் வரலாறு கிடைக்கும். எங்கே வைப்பீர்கள், எத்தனை பேர் எடுப்பார்கள், ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறேன் என்று ஒரு ஸ்டுடியோக்காரர் சொன்னால் நம்பலாம். 2020-க்குப் பிறகு கேனனும் நிக்கானும் புது டிஎஸ்எல்ஆர் எதுவும் வெளியிடவில்லை. தொழில்காரர்கள் கூட்டமாக மாறியதால்தான் நல்ல பாடிகள் இந்த விலைக்கு வருகின்றன. பழைய பில்லின் நகலை மட்டும் விட்டுவிடாதீர்கள். லோக்கல் ட்ரெயினில் பறிபோன பையிலிருந்து வந்த கேமராவா என்பதற்கு அதைவிட்டால் வேறு ஆதாரம் கிடையாது.

எந்த வழியானாலும் சோதனைக்குக் கால் மணி நேரம் போதும். உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். மூடி போட்டு 30 விநாடி எக்ஸ்போஷர் கொடுத்து ஒளிரும் புள்ளிகள் எத்தனை என்று பாருங்கள். நாலைந்து இருந்தால் பரவாயில்லை. ஜூமின் எல்லா நிலையிலும் துளையைச் சுருக்கிப் படமெடுங்கள். கேனனில் 'எர்ர் 01' வந்தால் லென்ஸ் முனைகளைத் துடைத்துப் பாருங்கள். அப்புறமும் வந்தால் லென்ஸுக்குள் இருக்கும் மெல்லிய ஃப்ளெக்ஸ் கேபிள் போயிருக்கலாம், குறிப்பாக 24-105 எல் லென்ஸின் முதல் பதிப்பில். டி7200 போன்ற நிக்கான்களில் மெனுவிலேயே பேட்டரி வயது 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாடியைக் காதருகே குலுக்கும்போது கடகடத்தால் பயப்பட வேண்டாம். கை நடுக்கத்தைச் சமாளிக்கச் சென்சர் அசையும் வகை மிரர்லெஸ்ஸில் அணைத்திருக்கும்போது அது சகஜம். கேனன், நிக்கான் டிஎஸ்எல்ஆரில் அப்படிக் கேட்டால் வாங்காதீர்கள்.

முதல் கேமரா வாங்குபவர், இதையெல்லாம் பார்க்கத் துணைக்கு வர ஆளில்லாதவர் என்றால் ரிட்டர்ன் உள்ள ரீஃபர்பே சரி. லென்ஸும் பாடியும் ஓரளவு தெரிந்தவர் ஃபோர்ட்டுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பெரும்பாலான கடைகள் அடைப்பு. தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் விற்கிறார் என்று காதில் விழுந்தால், கவுண்ட் எவ்வளவு என்று கேட்கும் முன் டிரை கேபினட் இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கிய பிறகு உங்களுக்கும் அது தேவைப்படும். இப்போதைக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் ஒரு கைப்பிடி, சின்ன ஈரப்பதமானி மூன்றும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். முள் 60-ஐத் தாண்டினால் சிலிகா ஜெல்லை மாற்றுங்கள்.