நியூரம்பெர்க்கா, மியூனிக்கா? கிறிஸ்துமஸ் சந்தைகளை ரயிலில் சுற்ற எங்கே தங்கலாம்

தெற்கு ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளை இரண்டு டிசம்பர்களில் ரயிலிலேயே சுற்றினோம், நானும் மனைவியும் ஒன்பது வயது மகளும். முதல் தடவை மியூனிக்கில் அறை எடுத்தோம், அடுத்த தடவை நியூரம்பெர்க்கில். இரண்டுமே பவேரியா மாநிலத்து ஊர்கள். ஐசிஇ அதிவேக வண்டியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு மணி நேரம் சொச்சம்தான். எங்கே தங்கினால் என்ன பெரிய வித்தியாசம் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது யாராவது கேட்டால் யோசிக்காமல் நியூரம்பெர்க் என்பேன்.

மியூனிக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரியன்பிளாட்ஸில் நகரமன்றத்தின் முன்னால் பெரிய சந்தை, விட்டல்ஸ்பாக்கர்பிளாட்ஸில் இடைக்கால வேடத்தில் கடைக்காரர்கள் நிற்கும் சந்தை, அரண்மனை முற்றத்தில் ஒன்று, இங்கிலீஷ் கார்டன் பூங்காவில் சீனக் கோபுரத்தின் அடியில் ஒன்று. ரயிலே ஏறாமல் நாளுக்கு ஒரு சந்தை பார்க்கலாம். ரயில் ஏறினால் ஆக்ஸ்பர்க் பக்கம். சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இருந்தாலும் மாநிலம் முழுக்கச் செல்லும் பவேரியா நாள் சீட்டிலேயே போய்வரலாம். காகிதத்தில் பார்த்தால் மியூனிக்தான் ஜெயிக்க வேண்டும்.

ஆனால் இந்தச் சந்தைகளுக்கு உயிர் வருவதே இருட்டிய பிறகுதான். டிசம்பரில் அங்கே நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். காலை பதினொரு மணிக்குப் போய் நின்றால் மரக் கடைகளும் கூட்டமும்தான் இருக்கும், விளக்கின் அழகு இருக்காது. ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் ஏழரை, எட்டு மணி வரை அங்கேயே இருக்கத் தோன்றும். திரும்புவது எப்போதும் இரவில்தான். குளிர், கால்வலி, தோளில் தூங்கி விழும் பிள்ளை, கையில் பொட்டலங்கள். முதல் தடவை திட்டம் போட்டபோது எந்த ஊருக்கு எவ்வளவு சீக்கிரம் போகலாம் என்று மட்டுமே பார்த்தேன். திரும்பி வந்து அறைக் கதவைத் திறக்க எவ்வளவு நேரமாகும் என்று பார்க்கவே இல்லை.

சால்ஸ்பர்க் அன்று அது புரிந்தது. சாதாரண வண்டியில் திரும்ப ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கு மேல். மியூனிக் நிலையத்தில் அந்த வண்டி நின்றது பக்கவாட்டுப் பகுதியில். அங்கிருந்து நெடுக நடந்து, எஸ்-பான் என்ற புறநகர் ரயில் பிடித்து, ஆறு நிறுத்தம் தாண்டி விடுதி. மத்தியில் வாடகை அதிகம் என்று தள்ளி எடுத்திருந்தேன். படுக்கும்போது பதினொன்று. மறுநாள் ஆக்ஸ்பர்க் போவதாக இருந்தது. அங்கே வார இறுதி மாலைகளில் நகரமன்றச் சன்னல்களில் தேவதை வேடமிட்டவர்கள் வந்து நிற்பார்கள். அதற்காகவே வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நியூரம்பெர்க்கில் கதை வேறு. பாம்பெர்க்குக்கு நேர் வண்டி, முக்கால் மணி நேரம். அதைத் தவறவிட்டாலும் எஸ்1 என்ற புறநகர் ரயில் உண்டு, ஒரு மணி நேரம். அதுவும் நேர் வண்டிதான். பாம்பெர்க்கில் சந்தையைவிட எனக்குப் பிடித்தது, தேவாலயங்களிலும் பொது இடங்களிலும் வைத்திருக்கும் இயேசு பிறப்புக் குடில்களை ஒவ்வொன்றாகத் தேடி நடப்பது. அதே எஸ்1 பாதையில் ஃபோர்க்ஹைம். சின்ன ஊர், அதன் பழைய நகரமன்றத்தையே அட்வென்ட் காலண்டராக, அதாவது கிறிஸ்துமஸ் வரை நாள் எண்ணும் காலண்டராக மாற்றி, நாளுக்கொரு சன்னலைத் திறக்கிறார்கள். ரேகன்ஸ்பர்க்குக்கும் மாறாமல் சுமார் ஒரு மணி நேரத்தில் போகலாம்.

திரும்பி இறங்கினால் நிலையத்தின் எதிரிலேயே பழைய கோட்டை மதில். எங்கள் விடுதி ஐந்து நிமிட நடை. நகர மையச் சதுக்கமான ஹவுப்ட்மார்க்டில் நடக்கும் சந்தை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. எட்டு மணிக்கு வந்தாலும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கூரைகளுக்கு நடுவே ஒரு சுற்று வந்து, ரொட்டிக்குள் விரல் நீள சாசேஜ் மூன்று வைத்துத் தருவதை வாங்கிச் சாப்பிடலாம். சைவம் என்றால் நம் அடை மாதிரி சுட்ட உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். லெப்கூகன் என்ற மசாலா கேக் வாங்கினால் எலிசன் வகையாக வாங்குங்கள். அதில் மாவு பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, பாதாம் போன்ற கொட்டைப் பருப்பு குறைந்தது இருபத்தைந்து சதவீதம் என்று விதியே இருக்கிறது.

சீட்டும் சாதகம். நியூரம்பெர்க் வட்டாரப் போக்குவரத்தின் டாகஸ்டிக்கெட் பிளஸ் என்ற நாள் சீட்டு, இரண்டு பெரியவர்களுக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் ஒரே சீட்டு. பாம்பெர்க்கும் ரோத்தன்பர்க்கும் அதற்குள் அடங்கும். சனிக்கிழமை வாங்கினால் ஞாயிறும் செல்லும். பவேரியா சீட்டை வார நாளில் காலை ஒன்பதுக்கு முன் பயன்படுத்த முடியாது. மாலைச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு குறையே அல்ல.

நியூரம்பெர்க்கிலும் ஒரு சறுக்கல் உண்டு, ரோத்தன்பர்க். ஆன்ஸ்பாக், ஸ்டைனாக் என்று இரண்டு இடத்தில் மாறினோம். திரும்பும்போது மாவு உருண்டை மேல் சர்க்கரை தூவிய ஷ்னேபால் வாங்க வரிசையில் நின்று வண்டியை விட்டோம், எங்கள் தவறுதான். அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம். “இன்னும் எத்தனை வண்டிப்பா?” என்று மகள் கேட்டாள். அந்த ஊரை இரவில் பார்க்க வேண்டுமென்றால் அங்கேயே ஓர் இரவு தங்கிவிடுங்கள். அதையே தங்குமிடமாக வைத்து மற்ற ஊர்களுக்குப் போவது வேண்டாம். எங்கே போனாலும் இதே மாறுதல்கள்தான். வூர்ட்ஸ்பர்க்கும் நியூரம்பெர்க்கோடு நேர் வண்டியில் இணைந்த ஊர்தான். ஆனால் அங்கே நான் தங்கியதில்லை, அதனால் பரிந்துரைக்க மாட்டேன்.

வாடகை விஷயத்தில் என் அனுபவம் ஒரே ஒரு டிசம்பர்தான். நான் பார்த்தவரை நியூரம்பெர்க்கில் வெள்ளி, சனி இரவுகளுக்குக் கேட்ட விலை வார நாளைவிட மிக அதிகம். நாங்கள் ஞாயிறு மாலை போய் வியாழன் கிளம்பினோம். விமான நிலையம் யூ2 மெட்ரோவில் பன்னிரண்டு நிமிடம்தான். ஓட்டுநர் இல்லாத வண்டி, முன் கண்ணாடி இருக்கை மகளுக்கு.

மொத்தம் மூன்றே இரவு, தினமும் ரயில் ஏற மனமில்லை என்றால் மியூனிக்கே போங்கள். அறையை மட்டும் மரியன்பிளாட்ஸிலிருந்து நடக்கும் தூரத்தில் எடுங்கள். ஆறு நிறுத்தம் தள்ளி எடுத்து நான் மிச்சம் பிடித்த காசு, மறுநாள் இரவு டாக்சிக்கே போய்விட்டது.