யூசர்-ஏஜென்ட் ஸ்விட்சர் அண்ட் மேனேஜர்: லாட்ஜ் வெப்சைட் டெஸ்ட் செய்ய எவ்வளவு உதவும்?

வேலூர் காந்தி ரோடு லாட்ஜுகளுக்கு வருபவர்களில் பலர் சிஎம்சி மருத்துவமனையில் வைத்தியம் பார்க்க மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள். ரூம் தேடுவது மொபைலில்தான். அந்த மொபைலுக்கு சர்வர் தப்பான பக்கத்தை அனுப்பினால் புக்கிங் போய்விடும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். பிரவுசர் சர்வரிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் பெயர்தான் யூசர்-ஏஜென்ட்; அதை மாற்றும் இந்த எக்ஸ்டென்ஷன் இந்த ஒரு கோளாறைப் பிடிக்க அருமையான கருவி. இலவசம். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் ஓடும்.

ஐகானைத் தட்டி, பிரவுசரையும் ஓ.எஸ்.ஸையும் தேர்ந்தெடுத்தால் யூசர்-ஏஜென்ட் வரிகளின் பட்டியல் வரும். ஒரு வரியைத் தேர்ந்து அப்ளை கொடுத்துவிட்டு, பக்கத்தை கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் அடித்து ரீலோட் செய்யுங்கள். சும்மா ரீலோட் செய்தால் பிரவுசர் சேமித்து வைத்த (கேஷ்) பழைய பக்கமே வந்து ஏமாற்றலாம். பிறகு எஃப்12 அடித்து டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் டேபில் ரிக்வெஸ்ட் ஹெடரை (பக்கத்தைக் கேட்கும்போது பிரவுசர் கூடவே அனுப்பும் விவரம்) பாருங்கள்: புதிய பெயர் போயிருக்க வேண்டும்.

குறைந்தது ஆண்ட்ராய்டு போன், ஆண்ட்ராய்டு டேப்லெட் இரண்டையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். குரோமில் போனின் வரியில் 'மொபைல்' என்ற சொல் இருக்கும், டேப்லெட்டில் இருக்காது. 'ஆண்ட்ராய்டு' என்று மட்டும் தேடும், சர்வரில் ஓடும் பழைய பிஎச்பி கோடு டேப்லெட்டையும் போன் பக்கத்துக்குத் தள்ளிவிடும். ஐபேட் விஷயம் வேறு. 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல், சஃபாரி பொதுவாகத் தன்னை மேக் என்றே சொல்லிக்கொள்கிறது. பட்டியலில் உள்ள பழைய ஐபேட் வரியை நம்பி டெஸ்ட் செய்தால் பலன் இல்லை.

மாறுவது பெயர் மட்டும்தான். திரையின் அகலம் மாறாது. ரூம் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறதா, 'புக்' பட்டன் விரலுக்கு எட்டுகிறதா என்று பார்க்க எஃப்12-க்குப் பிறகு கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எம் அடித்தால் வரும் மொபைல் திரைக் காட்சி போதும். ஐபோன் சஃபாரியில் மட்டும் வரும் கோளாறை எக்ஸ்டென்ஷன், திரைக் காட்சி இரண்டுமே காட்டாது; உள்ளே ஓடுவது சஃபாரியின் இன்ஜின் இல்லையே. அதற்கு நிஜ ஐபோன் வேண்டும்.

இன்னொன்று. குரோம், எட்ஜில் யூசர்-ஏஜென்ட் தவிர 'செக்-சிஎச்-யுஏ' என்று தொடங்கும் ஹெடர்களும் எச்டிடிபிஎஸ் தளங்களுக்குப் போகின்றன. ஒன்று ஆண்ட்ராய்டு என்றும் மற்றொன்று விண்டோஸ் என்றும் சொன்னால், பாட் தடுப்பு (தானியங்கி புரோகிராம்களைத் தடுக்கும் ஏற்பாடு) உள்ள தளம் கேப்ட்சாவைத் திரும்பத் திரும்பக் காட்டலாம். பெயர் மாற்றியபின் இந்த ஹெடர்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எல்லாத் தளத்துக்கும் மாற்றாமல், ஆப்ஷன்ஸில் கஸ்டம் மோடை எடுத்து லாட்ஜ் டொமைனுக்கு மட்டும் போடுவதே நல்லது. எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கும் அனுமதியை இது கேட்கிறது. ஆகவே டெஸ்டிங்குக்கென்று குரோமில் தனி புரொஃபைல் திறந்து அங்கே மட்டும் நிறுவுங்கள். நெட் பேங்கிங், ஜிஎஸ்டி லாகின் எதையும் அந்தப் புரொஃபைலில் திறக்க வேண்டாம்.