பிளேபாய் முதல் இதழ் வாங்கப் போகிறவர்கள் உறையைப் பிரிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

சிகாகோ பக்கம் நடந்த ஒரு பழைய பத்திரிகைச் சந்தையில் போன மாதம் 1,800 டாலரைப் பறிகொடுத்தேன். நான் வாங்கியது அமெரிக்க ஆண்கள் பத்திரிகையான பிளேபாயின் முதல் இதழ், 1953 டிசம்பர், அட்டையில் மர்லின் மன்றோ கையசைத்துக்கொண்டிருப்பாரே, அது. அசல் என்று நம்பித்தான் வாங்கினேன்.

விற்றவருக்கு வரலாறு அத்துப்படி. எஸ்குயர் பத்திரிகையில் 5 டாலர் சம்பள உயர்வு கேட்டுக் கிடைக்காமல் பிளேபாயைத் தொடங்கிய ஹியூ ஹெஃப்னர் வேலையை விட்டது, அம்மாவிடம் 1,000 டாலர் வாங்கியது, 1949-இல் டாம் கெல்லி எடுத்த மன்றோவின் காலண்டர் படத்துக்கு 500 டாலர் கொடுத்து உரிமை வாங்கி உள்ளே போட்டது என்று அரை மணி நேரம் பேசினார். எல்லாமே உண்மை. இரண்டாவது இதழ் வருமா என்று ஹெஃப்னருக்கே நிச்சயமில்லாததால் அட்டையில் தேதி போடவில்லை என்பதும் உண்மைதான். "பாருங்கள், தேதி இல்லை, அசல் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?" என்றார். நம்பிவிட்டேன். அசலைப் போலவே அச்சிட்ட மறுபதிப்பிலும் தேதி இருக்காது என்பது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. நிறுவனமே பிற்பாடு அந்த இதழை மறுபதிப்பாகவும் வெளியிட்டிருக்கிறது.

உறையைப் பிரித்தால் மதிப்பு போய்விடும் என்று தொடவும் விடவில்லை. வீட்டில் பிரித்தேன். எழுபது வருடத்துக் காகிதத்தின் வாசனை துளியும் இல்லை. ஸ்டேப்பிள் பின்கள் நேற்று அடித்தவை போலப் பளபளத்தன, சுற்றிலும் ஒரு துருக்கறைகூட இல்லை. பழைய காகிதம் ஓரத்திலிருந்து உள்நோக்கித்தான் பழுக்கும், இதிலோ பக்கம் முழுக்க ஒரே சீரான பழுப்பு, கீழே நீர் காய்ந்த கோடு வேறு, தேநீரில் நனைத்திருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்துகளின் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தது, ஸ்கேன் செய்து அச்சிட்டதன் அடையாளம் அது. அப்புறம் ஒரு பக்கத்தின் அடியில் விரல் அகலத்துக்குச் சுரண்டிய இடம், வெளிச்சத்தில் பிடித்தால் காகிதம் அங்கே மட்டும் மெலிந்திருக்கிறது. மறுபதிப்பு என்ற வரி அங்கேதான் இருந்திருக்க வேண்டும். பணம் போனதைவிட அந்தச் சுரண்டல்தான் எனக்கு ஆறவில்லை, தெரியாமல் விற்றுவிட்டார் என்று சொல்லவே வழியில்லை.

திருப்பிக் கேட்டேன். விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை என்றார், அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

முதல் இதழ் அன்று 50 சென்ட், ஏறத்தாழ 54,000 பிரதிகள் விற்றன, அதனால் அசல் கிடைக்காத பொருள் இல்லை, அவசரப்பட வேண்டாம். கையில் வாங்கிப் பின்னைப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் விளக்குக்கு நேரே பிடியுங்கள். எனக்குத் தந்த ரசீதில் "பழைய பத்திரிகை, 1" என்று மட்டுமே இருக்கிறது. "1953 அசல் பதிப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், தயங்கினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.